ஏழாவது கம்பிக்கு வந்த மொய்

நான் தர வேண்டிய மொய் மூவாயிரத்து ஐநூற்று ஒரு ரூபாய். எங்கள் வாசல் வேப்பமரத்தில் காய்த்திருக்கும் ரேடியோ குழாய் இதைக் காலையில் ஒரு தடவையும் விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு தடவையும் சொல்கிறது.

"தேங்காய் உரிக்கும் காத்தமுத்து. மூவாயிரத்து ஐநூற்று ஒன்று. வரவில்லை."

குரல் மைக்செட் தங்கையாவுடையது. மொய் விருந்துகளில் யார் எவ்வளவு வைத்தார்கள் என்று மைக்கில் சொல்கிறவர் அவர். ஆனால் குழாய் பேசுகிற நேரத்தில் அவர் தன் வீட்டில் பல் துலக்கிக்கொண்டிருப்பார். போய்ப் பார்த்தேன். வாயில் நுரை இருந்தது.

"நான் ஒண்ணும் சொல்லலப்பா. அதுவா காய்க்குது" என்றார்.

மொய் பாக்கி உள்ள வீட்டு மரங்களில் எல்லாம் குழாய் காய்க்கும். புளியமரத்தில் காய்த்தால் குரல் கொஞ்சம் கரகரப்பாக இருக்கும். வேப்பமரத்தில் தெளிவாகக் கேட்கும். அது என் துரதிர்ஷ்டம்.

பாக்கி வந்த வழி சாதாரணமானது. என் மகள் காதுகுத்துக்கு வேலாயுதம் மூவாயிரத்து ஐநூறு வைத்தார். அவர் வீட்டில் விசேஷம் வரும்போது நான் அதைத் திருப்பி வைக்க வேண்டும். வெறுமனே திருப்பக் கூடாது. ஒரு ரூபாயாவது கூட வைக்க வேண்டும். அந்த ஒரு ரூபாய் கடன் இல்லை. அது மரியாதை.

வேலாயுதம் விசேஷம் எதுவும் வைக்காமல் செத்துப்போனார். அவருக்கு வர வேண்டிய மொய்யெல்லாம் அவர் மகன் வழுதிக்கு வந்தது.

வழுதி கல்யாணத்துக்கு விருந்து வைக்கவில்லை. வீடு கட்டவும் வைக்கவில்லை. ஆல்பம் போடுவதற்கு வைத்தான். அவனிடம் ஒரு பாட்டுக்குழு இருந்தது. பெயர் கடைமடை. கிதார் கம்பிகளைத் தொங்கும் அளவுக்குத் தளர்த்தி, பாதி பேசி, பாதி கத்தி, நடுவில் இசைத்தட்டைக் கையால் தேய்க்கிற பாட்டு. அதற்கு நூ மெட்டல் என்று பெயர். பந்தலில் 'எங்கள் இல்ல ஆல்ப விழா' என்று ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். ஆட்டுக்கறி போட்டார்கள். அதனால் யாரும் சந்தேகம் கேட்கவில்லை.

நான் போகவில்லை. கையில் பணம் இல்லை. சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டேன். என் மனைவி மாரிக்கண்ணு மட்டும் பின்வாசல் வழியாகப் போய்விட்டு வந்தாள். அவள் மேல் மசாலா வாசம் அடித்தது. பாத்திரம் கழுவக் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

கேட்டிருந்தாலும் பயன் இல்லை. மாரிக்கண்ணுவின் குரல் வருடத்துக்குக் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மகள் ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போன வருடம் அது ஆண் குரல் ஆனது. அடுத்த வருடம் தூரத்தில் லாரி வருகிற சத்தம் போல ஆனது. அப்புறம் கேட்கவே இல்லை. வாய் அசையும். சொம்புத் தண்ணீரில் வட்டம் வரும். அவ்வளவுதான்.

பட்டுக்கோட்டையில் ஒரு டாக்டர் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"குரல் நல்லாத்தான் இருக்கு. கீழ இருக்கு."

"மேல வருமா டாக்டர்?"

"உங்களுது ஓட்டு வீடா, தளம் போட்டதா?"

"ஓட்டு வீடுங்க."

"அப்ப அதிகம் பேச விடாதீங்க."

எழுதிக் காட்டச் சொல்லலாம். அவளுக்கு எழுத்துத் தெரியாது. அறிவொளி வகுப்பு நடந்த காலத்தில் சிலேட்டை எடுத்துக்கொண்டு போனது நான். அவள் எனக்குச் சோறு எடுத்து வைத்துவிட்டுக் கயிறு திரித்துக்கொண்டிருந்தாள். நான் 'அம்மா', 'ஆடு' தாண்டி என் பெயர் எழுதக் கற்றபோது அவள் ரெண்டு கட்டுக் கயிறு முடித்திருந்தாள்.

விருந்து முடிந்த நாளிலிருந்து அவள் ஒரே விஷயத்தைத்தான் சொன்னாள். குழாய் பேசி முடித்ததும் வேப்பமரத்தைக் கைகாட்டுவாள். வாய் அசையும். சொம்பில் பெரிய பெரிய வட்டமாக வரும். கடைசியில் ஒரு சின்ன வட்டம் வரும். தினமும் அதே வரிசை. கடனை அடை என்கிறாள் என்று வைத்துக்கொண்டேன். பெரிய வட்டத்துக்கு அது சரியாக இருந்தது. சின்ன வட்டம் என்னவென்று தெரியவில்லை.

மூன்று வருடமாக அந்தச் சின்ன வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை ஒரே ஒரு தடவை காதால் கேட்டுவிட்டால் போதும் என்று இருந்தது.

ஒருநாள் வழுதி எங்கள் வீட்டுக்கு வந்தான். குழாய் அப்போதுதான் பேசி முடித்திருந்தது. அவன் கேட்காத மாதிரி செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். நல்ல பிள்ளை.

"மாமா, பணமெல்லாம் வேணாம். வேலையில கழிச்சுக்கலாம்."

"என்ன வேலைப்பா?"

"ஸ்டுடியோ செவுரு பூரா தேங்கா நார் ஒட்டணும். சத்தம் வெளிய போவக் கூடாது."

"வெளிய போவத்தானப்பா பாடுறீங்க?"

"அது அப்புறம் மாமா. மொதல்ல உள்ள இருக்கணும்."

ஸ்டுடியோ ஒரு பழைய கயிறு மில்லில் இருந்தது. ஒரு வராந்தாவைத் தாண்டித்தான் பாடுகிற அறைக்குப் போக வேண்டும். முதல் நாள் வராந்தா சாதாரண நீளம்தான். வழுதி உள்ளே உட்கார்ந்து கிதார் கம்பியை ஒரு திருகு தளர்த்தினான். வராந்தாவும் ஒரு திருகு தளர்ந்தது. அவன் ஏழு கம்பியையும் தளர்த்தி முடித்தபோது நான் நார்க்கட்டோடு பாதி வழியில் உட்கார்ந்து மத்தியானச் சோறு தின்றுகொண்டிருந்தேன். அங்கேயே ஒரு குடம் தண்ணீர் வைத்துக்கொண்டேன். வருகிறவர்கள் போகிறவர்களுக்கு உதவும்.

இசைத்தட்டைத் தேய்க்கிறவள் பர்வீன். பதிவு பண்ணுவதும் அவள்தான். மல்லிப்பட்டினத்துப் பெண். ஒரு தட்டைச் சுழலவிட்டு, விரலால் நிறுத்தி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளுவாள். பின்னால் இழுத்தால் சுவர்க்கடிகாரமும் கொஞ்சம் பின்னால் போகும். அதனால் எங்களுக்கு டீ ரெண்டு தடவை வரும். ரெண்டுக்கும் காசு கொடுத்தோம்.

வழுதி கத்துவதற்குத் தனியாக ஒரு கண்ணாடிக் கூண்டு. அவன் ஒரு தடவை முழு மூச்சாகக் கத்தினான். வெளியே குவித்து வைத்திருந்த தேங்காயில் ஒன்று தானாக மட்டை உரிந்து குடுமியோடு உருண்டது. இன்னொரு தடவை கத்தினான். மூன்று உரிந்தது.

மில் முதலாளி ஓடிவந்தார்.

"தம்பி, நாளுக்கு எத்தன கத்துவீங்க?"

"பாட்டுக்குத் தேவையானதுதான் சார்."

"பாட்ட நீட்டக் கூடாதா?"

நான் முப்பது வருடமாக நட்டுவைத்த கடப்பாரையில் தேங்காய் உரிக்கிறவன். உள்ளங்கை தேங்காயின் வளைவுக்கே வளைந்துவிட்டது. அந்தக் குவியலில் எனக்கு எத்தனை மிஞ்சும் என்று எண்ணிப் பார்த்தேன். மறுநாள் வழுதிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நான் சந்தோஷப்பட்டேன். பிறகு வருத்தப்பட்டேன். பனங்கற்கண்டு வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

"உங்க வேலைக்குக் கெடுதல் பண்ண மாட்டேன் மாமா" என்றான் காற்றுக் குரலில். "இனிமே இளநியப் பாத்துக் கத்துறேன்."

ஒன்பது பாட்டு முடிந்தது. பத்தாவது நின்றுபோனது. அந்தப் பாட்டு முழுக்க ஏழாவது கம்பியில்தான் இருந்தது. இருப்பதிலேயே தடியான, கீழான கம்பி அது. வழுதி அதை மீட்டினால் கம்பி ஆடியது. சத்தம் வரவில்லை. கம்பியைக் கழற்றிப் பார்த்தார்கள். ஒலிபெருக்கியை மாற்றினார்கள். டிரம்ஸ் அடிக்கிற அமலதாஸ் மட்டும் தன் பங்கை அடித்துவிட்டுக் காத்திருந்தான். காத்திருந்ததில் அவனுக்கு மீசை வளர்ந்தது.

"கம்பில குத்தம் இல்ல மாமா" என்றாள் பர்வீன். "காசுலதான் குத்தம்."

"என்ன காசு?"

"விருந்துல யாரோ ஒரு மொய் வச்சாங்க. மஞ்சப்பையில, பூரா பத்து ரூவா நோட்டு, கூட ஒத்த ரூவாக் காசு. பேரே சொல்லல. தங்கையாண்ணன் ரெண்டு தடவ கேட்டுட்டு, 'பேர் சொல்லாத அன்பர்'னு மைக்ல சொல்லிட்டாரு. அந்தக் காசுலதான் இந்தக் கம்பி வாங்குனோம்."

"எவ்வளவு வச்சாங்க?"

"தொகை எதுக்கு மாமா? தொகையத் திருப்பிரலாம். பேருக்கு எங்க போறது?"

வழுதி கிதாரை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான்.

"அப்பா கடைசியா பேசுனது பூரா பேருதான் மாமா" என்றான். "இன்னாரு இவ்வளவு, இன்னாரு இவ்வளவுன்னு. தண்ணி கேக்கல. எல்லாருக்கும் திருப்பிருடான்னாரு. பேர் இல்லாம ஒண்ணு நின்னா நான் எப்புடித் திருப்புவேன்? அதான் அது வாயத் தெறக்க மாட்டேங்குது."

அவன் மறுபடியும் அந்தக் கம்பியை மீட்டினான். சத்தம் இல்லை. என் கையில் இருந்த டீயில் பெரிய பெரிய வட்டமாக வந்தது. கடைசியில் ஒரு சின்ன வட்டம்.

நான் டீயைக் கீழே வைத்தேன்.

"இது எங்க வீட்ல பேசுறது" என்றேன்.

"யாரு?"

"எம் பொண்டாட்டி."

"என்ன சொல்றாங்க?"

"தெரியல."

"எங்களுக்கும் தெரியல" என்றான் வழுதி. "கூட்டிட்டு வாங்க மாமா."

மாரிக்கண்ணுவைக் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு அரை நாள் ஆகும் வராந்தாவை அவள் நாலு எட்டில் தாண்டிவிட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் ஏழாவது கம்பியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். சொந்தப் பாத்திரத்தைத் துடைக்கிற மாதிரி துடைத்தாள்.

"அத்தை, இந்த மைக்ல பேசுங்க" என்றாள் பர்வீன்.

மாரிக்கண்ணு பேசினாள். சுவரில் நான் ஒட்டிய நார் எல்லாம் எழுந்து நின்றது. பதிவுப் பெட்டியின் முள் சிவப்புக் கோடு வரைக்கும் போய், அங்கே கொஞ்சம் நின்று, திரும்பி வந்தது. எங்கள் காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"எப்புடி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"அருமை மாமா" என்றாள் பர்வீன். "அத்தை, இன்னொரு தடவ. கொஞ்சம் கோவமா."

மாரிக்கண்ணு யோசித்தாள். என்னைப் பார்த்தாள். இன்னொரு தடவை கோபமாகச் சொன்னாள். அமலதாஸின் மீசை உதிர்ந்தது.

அவள் பேசியதை அப்படியே பத்தாவது பாட்டாக வைத்தார்கள். ஆல்பம் முடிந்தது. நான் நார் ஒட்டியதைக் குழாய் மட்டும் மொய்யாக ஏற்கவில்லை, வரவில்லை என்றே சொன்னது. 'முறைத்தண்ணி' என்று பெயர் வைத்தார்கள். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள் அல்லவா, அது. எங்கள் முறை வரும்போது தண்ணீர் தீர்ந்திருக்கும்.

ஐநூறு இசைத்தட்டு அடித்து, மொய் வைத்த ஐநூறு வீட்டுக்கும் வழுதி கொண்டுபோய்க் கொடுத்தான். தட்டை ஓட்டுகிற பெட்டி யார் வீட்டிலும் இல்லை. அளவு சரியாக இருந்ததால் தண்ணீர்க் குடத்துக்கு மூடியாக வைத்தார்கள். ராத்திரிக்குள் பாட்டு தண்ணீரில் இறங்கிவிட்டது. காலையில் எல்லோரும் குடித்தார்கள்.

டீக்கடையில் அதைப் பற்றித்தான் பேச்சு.

"மொதப் பாட்டு நல்லா குளுகுளுன்னு இருக்குப்பா."

"நாலாவது காரம். எம் மருமவ ரெண்டு சொம்பு குடிச்சிட்டு எங்கிட்ட சண்டைக்கு வந்துட்டா. நான் பேசுனது தப்புதான்னு தோணிப்போச்சு."

"அந்தக் கத்துறது தொண்டையில நிக்கிதுய்யா. ஆனா சளி அறுக்குது."

"கடைசிப் பாட்டுதான் சப்புன்னு இருக்கு. தண்ணிய வெறுந்தண்ணியாவே குடுத்துட்டான்."

"கறி நல்லாப் போட்டான். அத மறக்கக் கூடாது."

சென்னையிலிருந்து ஒரு விமர்சகர் வந்தார். தோளில் தையல்காரர் டேப் போட்டிருந்தார். ஒரு குடத்தைச் சுற்றி அளந்து அட்டையில் எழுதிக்கொண்டார்.

"இடுப்பு பெருசு" என்றார். "பத்தாவது பாட்டுக்குக் கையே வைக்கல."

"நல்லா இருக்கா சார்?" என்று வழுதி கேட்டான்.

"நான் அளவெடுக்கிறதோட சரி. நல்லா இருக்கான்னு பாக்க வேற ஆள் வருவாரு."

வேறு ஆள் வரவில்லை.

வழுதி வராந்தாவில் பாய் போட்டுப் படுத்துவிட்டான். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கு அந்தப் படுக்கை தெரியும். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒம்போது பாட்டு நல்லா இருக்குங்குறாங்களேப்பா."

"பத்தாவதுக்காகத்தான் மாமா அந்த ஒம்போதும்."

அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். முதுகு கிதார் மாதிரி தளர்ந்து கிடந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஊர்க்காரர்கள் வந்தார்கள். வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் துடைத்துச் சுத்தமாக்கிய இசைத்தட்டு, வெற்றிலை பாக்கோடு. வழுதி கொடுத்ததை அவர்கள் பரிசு என்று நினைக்கவில்லை. மொய் என்று நினைத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பொருள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு வந்தால் அது மொய்தான். வைத்துக்கொள்ள முடியாது. தங்கையா மைக்கோடு வந்து உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகச் சொன்னார்.

எல்லாம் முடிந்ததும் பர்வீன் எண்ணினாள். முகம் மாறியது. மறுபடி எண்ணினாள்.

"குடுத்தது ஐநூறு. வந்தது ஐநூத்தி ஒண்ணு."

"கூட யார் வச்சது?" என்றேன்.

எல்லோரும் தாங்கள் ஒன்றுதான் வைத்ததாகச் சொன்னார்கள். தங்கையா தொண்டையைச் செருமினார்.

"ஊரே சேந்து திருப்புறப்ப ஒண்ணு கூடத்தான வரும். மரியாதைப்பா" என்றார்.

கூட வந்த தட்டில் பெயர் ஒட்டவில்லை. படமும் இல்லை. பர்வீன் அதைத் தன் பெட்டியில் வைத்துச் சுழலவிட்டாள். சத்தம் இல்லை. ஊர்க்காரர்களின் கையில் இருந்த டீயில் எல்லாம் பெரிய பெரிய வட்டம் வந்தது.

"பத்தாவதுதான்" என்றான் வழுதி பாயில் இருந்தபடியே. "நிப்பாட்டு."

பர்வீன் நிறுத்தவில்லை. தட்டின் ஓரத்தில் விரலை வைத்து வேகமாகத் தள்ளினாள். தூரத்தில் லாரி வருகிற சத்தம் கேட்டது. நான் எழுந்து நின்றேன். அவள் இன்னும் வேகமாகத் தள்ளினாள். ஆண் குரல் வந்தது. பர்வீனின் விரலில் ரத்தம் கட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் தள்ளினாள். தட்டு சுழல்வதே தெரியாத வேகம் வந்தது.

அப்போது மாரிக்கண்ணுவின் குரல் கேட்டது. கல்யாணமாகி வந்த வருடத்துக் குரல். கொஞ்சம் அவசரமாக இருந்தது.

"ஏங்க, நான் குடுத்துட்டேங்க. மூவாயிரத்து ஐநூத்தி ஒண்ணும் குடுத்துட்டேன். கயிறு திரிச்ச காசு. பந்தல்ல போயி, மாரிக்கண்ணுன்னு எம் பேரையும் சொன்னேன். அந்தாளு காதுல விழல. நீங்க செவுத்தப் பாத்துப் படுக்காதீங்க."

தட்டு சுற்றிவந்து மறுபடி சொன்னது. அந்தக் கடைசி வார்த்தைதான் சின்ன வட்டம்.

என் பக்கத்தில் மாரிக்கண்ணு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். இதைத்தானே தினமும் சொல்கிறேன் என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தாள்.

தங்கையா மைக்கை மடியில் வைத்துக்கொண்டார்.

"கூட்டத்துல யாருன்னு கவனிக்கல. ஒரு அம்மா வந்து நின்னு வாயசைச்சாங்க" என்றார். "வீட்டுக்காரர் பேரச் சொல்லுங்கன்னேன். தலைய ஆட்டிட்டாங்க. நான் அதுக்கு மேல கேக்கல."

வழுதி பாயிலிருந்து எழுந்தான். கிதாரை எடுத்து ஏழாவது கம்பியை மீட்டினான். சத்தம் வந்தது. பெரிய சத்தம். கீழே எங்கிருந்தோ புறப்பட்டு எங்கள் கால் வழியாக ஏறி வந்தது. வராந்தா ஒரு இழு இழுத்துக்கொண்டு பழைய நீளத்துக்கு வந்துவிட்டது. இடையில் நின்றிருந்தவர்கள் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். யாருக்கும் அடியில்லை.

"அத்தை" என்றான் வழுதி. அவள் காலைத் தொட்டான். அவள் வாய் அசைத்தாள். எதிரே இருந்தவர் டீயில் வட்டம் வந்தது.

"என்ன சொல்றாங்க?" என்றார் அவர்.

"காரம் கொறச்சலா இருக்காம், நாலாவது பாட்டு" என்றாள் பர்வீன். அவளுக்கு வட்டம் படிக்க வந்துவிட்டது.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் நானும் மாரிக்கண்ணுவும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். குழாய் தொண்டையைச் செருமியது.

"தேங்காய் உரிக்கும் காத்தமுத்து" என்று ஆரம்பித்தது. நின்றது. உள்ளே யாரோ எதையோ கேட்டுச் சரிபார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் இரைந்தது.

"கயிறு திரிக்கும் மாரிக்கண்ணு. மூவாயிரத்து ஐநூற்று ஒன்று. வந்தது."

தெரு முழுக்கக் கேட்டது. மாரிக்கண்ணு முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். குழாய் காம்பிலிருந்து கழன்று மண்ணில் விழுந்தது. பழுத்திருந்தது.

அவள் என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். சொம்பில் வட்டம் வந்தது. இது புதிய வட்டம். இதுவரை நான் பார்க்காதது.

நான் சொம்பை ரெண்டு கையாலும் எடுத்தேன். தண்ணீர் அலுங்காமல் பர்வீனிடம் நடந்தேன்.